மேசைமேல் மண் கோட்டை

யுத்தம் கூடாது என்பதில் நமக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. ஆனால் ஒரே ஒரு யுத்தத்துக்கு மட்டும் விலக்கு அளிக்கலாம் என்பது நமது அபிப்பிராயம். அது ஆறடி நீளமும் நாலடி அகலமும் உள்ள மேசைமேல் நடக்கும் யுத்தம். அதில் மடிகிறவர்கள் ஒரு அட்டைப் பெட்டிக்குள் படுத்துக் கிடந்து, மறுநாள் மாலை நாலரை மணிக்குப் பள்ளிக்கூட மணி அடித்ததும் ஒரு காயமுமின்றி எழுந்து வந்துவிடுகிறார்கள். இத்தகைய யுத்தத்தைக் கண்டு எந்த அஹிம்சாவாதியும் முகம் சுளிக்க வேண்டியதில்லை.

இந்த விளையாட்டு நமக்குப் புதியதல்ல. நால்வகைச் சேனையையும் ஒரு பலகையில் அடக்கிச் சதுரங்கம் என்று பெயரிட்டு உலகத்துக்குக் கொடுத்தது நமது தேசந்தான். ஆனால் சதுரங்கத்தில் ஒரு குறை உண்டு. அறுபத்து நாலு கட்டத்திலும் ஒரு மேடு கிடையாது, ஒரு பள்ளம் கிடையாது, கண்மாய்க் கரை கிடையாது, முள்வேலி கிடையாது. யானை எந்தச் சேற்றிலும் சிக்குவதில்லை. வாஸ்தவமான சண்டையிலோ, பாதிச் சண்டையை மண்ணே போட்டுவிடுகிறது.

இதை உணர்ந்தவர்கள் பிரஷ்யா தேசத்தார். 1812-ஆம் வருஷத்தில் ரைஸ்விட்ஸ் என்ற பிரபு, குன்றும் ஆறும் கிராமமும் சுண்ணச் சாந்தில் வார்த்த பலகைத் துண்டுகளை ஒரு பெரிய மேசைமேல் விரும்பியபடி அடுக்கக்கூடிய ஒரு யுத்த விளையாட்டைச் செய்து, தமது அரசருக்குச் சமர்ப்பித்தார். அவருடைய குமாரர் 1824-இல் அதைத் தேசப்படத்தின்மேல் ஆடும்படி மாற்றியமைக்க, அது ராணுவ அதிகாரிகளுக்குப் பாடமாயிற்று. 'புதையல் தீவு' எழுதிய ஸ்டீவன்ஸன், ஸ்விட்ஸர்லாந்தில் உடம்புக்கு ஓய்வு கொடுக்கப் போன இடத்தில், தமது மனைவியின் பிள்ளையோடு சேர்ந்து பரண் தரையில் சாக்குக்கட்டியால் மலையும் சாலையும் வரைந்து ஈயச் சிப்பாய்களை நடத்தினார். எச். ஜி. வெல்ஸ் 1913-இல் 'சிறு யுத்தங்கள்' என்று ஒரு புத்தகமே எழுதி, பெரிய யுத்தத்தை விட இது எவ்வளவோ மேல் என்று வாதாடினார். உலகம் அவர் பேச்சைக் கேட்டதோ? மறு வருஷமே பெரிய யுத்தத்தைத் தொடங்கிவிட்டது!

நிற்க, நாம் வசிப்பது குன்றாண்டார்கோவில். புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரனூர்ப் பக்கம் உள்ள சிற்றூர். எட்டாம் நூற்றாண்டில் பாறையைக் குடைந்து எடுத்த சிவன் கோயில் இங்கே இருக்கிறது. அதற்கு முன்னே பிற்காலத்தில் கட்டிய ஒரு மண்டபம். அந்த மண்டபத்தைத் தேராகவே சமைத்து, சக்கரங்களை வைத்து, இழுத்துப் பாயும் குதிரைகளையும் பூட்டிவிட்டார்கள் சிற்பிகள். மரத்தேரைப் பார்த்துக் கல்லில் செய்த பாவனை அது. ஒரு பொருளை இன்னொரு பொருளில் கண்டு மகிழ்வது நம் ஊருக்குப் பரம்பரைப் பழக்கம் என்று நாம் பெருமைப்படுவது வழக்கம். மண்ணைக் குதிரையாக்கி ஐயனாருக்கு நிறுத்துவதிலோ இந்த ஜில்லாவுக்கு இணையே இல்லை. குளமங்கலத்து ஐயனார் கோயில் குதிரை 33 அடி உயரம். இத்தகைய சீமையில் பிறந்த பிள்ளைகள் பிளாஸ்டிக் சிப்பாய்களைச் சிமெண்டுத் தரையில் நிறுத்திவிட்டு ஓய்ந்துபோவது நியாயமா?

ஆகவே வகுப்பில் சரித்திரப் பாடம் நடத்தும் நாம், சென்ற கோடைக்கு முன் ஒரு யோசனை சொன்னோம். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மேசைமேல் கட்டி, 1801-ஆம் வருஷத்துச் சண்டையை ஆடிப் பார்ப்பது. பன்னிரண்டு பிள்ளைகள் கை தூக்கினார்கள். கை தூக்காத ஒரு பெண்தான் எல்லாரையும்விட நன்றாகக் கை வேலை செய்தாள்.

ஏன் பாஞ்சாலங்குறிச்சி என்று நேயர்கள் கேட்கலாம். கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டபின், கம்பெனியார் அந்தக் கோட்டையைத் தரைமட்டமாக்கினார்கள். 1801 பிப்ரவரியில் அவன் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்தான். வந்த சில நாட்களுக்குள் அதே இடத்தில் மறுபடியும் கோட்டை எழும்பியது, முழுவதும் மண். மார்ச் 31-ஆம் தேதி அதைத் தாக்கிய கம்பெனிப் படை பெருஞ்சேதத்துடன் பின்வாங்கியது. மேலும் பீரங்கிகளும் பட்டாளங்களும் வந்து சேர்ந்து, மே 24-ஆம் தேதிதான் கர்னல் அக்னியூவால் அதைப் பிடிக்க முடிந்தது. கல் இல்லை, சுண்ணாம்பு இல்லை. வெறும் மண் ஏறத்தாழ இரண்டு மாதம் தாக்குப் பிடித்தது. மண்ணில் ஒரு சண்டைக்களம் செய்ய விரும்புகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எங்கே கிடைக்கும்? இன்று அங்கே போகிறவர்கள் காண்பது 1974-இல் அரசாங்கம் எழுப்பிய நினைவுக் கோட்டை.

சண்டையில் இருந்த வெல்ஷ் என்ற வெள்ளைக்கார அதிகாரி கோட்டையின் அளவைத் தம் நூலில் எழுதி வைத்திருக்கிறார். ஒரு பக்கம் சுமார் 500 அடி. மறு பக்கம் 300 அடி. சுவர் பெரும்பாலும் 12 அடி உயரம். சிறு சிறு சதுரக் கொத்தளங்கள். சுற்றிலும் பலமான முள்வேலி.

இங்கேதான் முதல் தொல்லை வந்தது. திருவிழாக் கடைச் சிப்பாய் இரண்டு அங்குல உயரம். ஆறடி மனிதன் இரண்டு அங்குலமானால், மூன்றடிக்கு ஒரு அங்குலம் என்று கணக்காகிறது. அப்படியானால் கோட்டை மட்டுமே ஏறக்குறைய பதினான்கு அடி நீளமும் எட்டேகால் அடி அகலமும் ஆகிவிடும். வகுப்பில் கோட்டை இருக்கலாம். பிள்ளைகள் வெளியே நிற்க வேண்டியதுதான்! முடிவில் இரண்டு அளவுகோல்களை வைத்துக்கொண்டோம். தரைக்குப் பத்தடிக்கு ஒரு அங்குலம். ஆகவே கோட்டை 50 அங்குலத்துக்கு 30 அங்குலம். ஆளுக்கு வேறு அளவு: ஓர் அங்குல உயரத்தில் களிமண் வீரன், சுவர் அவனைப்போல் இரு மடங்குக்குச் சற்று மேல். இது பொய்யல்லவா என்று ஒரு பையன் கேட்டான். பொய்தான், ஆனால் எல்லாரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யும் பொய். தேசப்படத்தில் சாலையை அதன் உண்மை அகலத்துக்கு வரைந்தால் கண்ணுக்கே தெரியாது என்று சமாதானம் சொன்னோம்.

இரண்டு பழைய மேசைகளைச் சேர்த்துப் போட்டு, மேலே சாக்கு விரித்து, மணல் பரப்பினோம். மேடு வேண்டிய இடத்தில் மின்விசிறிப் பெட்டியில் வந்த தெர்மோகோலைப் படிப்படியாக வெட்டி வைத்து, பழைய பத்திரிகைக் காகிதத்தைக் கஞ்சியில் தோய்த்து மூடினோம். கஞ்சியில் சிறிது வேப்பெண்ணெய் சேர்த்தால் பூச்சி வராது. இது நமது இல்லத்தரசியின் உபதேசம். கொலுவுக்குப் பூங்கா வைக்கும் வீடுகளில் இந்த வித்தை வெகு காலமாக இருக்கிறது. கேழ்வரகு முளைத்து வயலாகும். உடைந்த கண்ணாடி குளமாகும். நாம் ஆண்டுதோறும் பார்த்தும் இதற்கு வித்தை என்று பெயர் கொடுக்கவில்லை. ஐரோப்பாவில் ஆண்கள் செய்ததும் அதற்கு ஒரு சாஸ்திரமும் புத்தகமும் ஏற்பட்டுவிட்டன!

தென்னை ஈர்க்கில் சேறு பூசிப் பனைமரத்தின் அடி; கிழிந்த பனைவிசிறியைக் கத்தரித்து அதன் தலை. வேலிக்கு உடைமுள்ளின் நுனிக் கிளைகள். கை தூக்காத அந்தப் பெண் ஒரு பிற்பகலில் நாற்பது பனை செய்து முடித்தாள். அவள் விரலில் முள் குத்திய இடங்களை நாம் எண்ணவில்லை, அவளும் எண்ணவில்லை.

சுவர்தான் நிற்க மறுத்தது. கண்மாய்க் களிமண்ணைப் பிசைந்து நாலு பக்கமும் எடுத்துக் கட்டினோம். இரண்டு நாள் வெயில் பட்டதும் பாளம் பாளமாக வெடித்தது. 'பிளாஸ்டர் ஆப் பாரிஸ்' வாங்கி ஊற்றிவிடலாம் என்று பையன்கள் யோசனை சொன்னார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு மாணவனின் தாத்தா பள்ளிக்கு வந்தார். எழுபது வயதுக்கு மேலிருக்கும். வணக்கம் சொன்ன தோரணையிலேயே, வந்தது சந்தோஷமான காரியத்துக்கல்ல என்று தெரிந்தது.

"வாத்தியாரய்யா, என் பேரன் ராத்திரி ஒரு கேள்வி கேட்டான். 'தாத்தா, கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தது நம்ம புதுக்கோட்டை ராஜாவாமே, நாமெல்லாம் துரோகியா?' என்கிறான். எங்கள் முன்னோர் தொண்டைமான் சேனையில் இருந்தவர்கள். பிள்ளைகளுக்கு இதையா சொல்லிக் கொடுக்கிறீர்கள்?"

அந்த வார்த்தையை நாம் வகுப்பில் உச்சரித்ததில்லை. ஆனால் பிள்ளைகள் சினிமாவிலும் மேடைப்பேச்சிலும் கேட்டிருக்கிறார்கள். பாஞ்சாலங்குறிச்சியை விட்டு வடக்கே வந்த கட்டபொம்மன், 1799-இல் திருக்களம்பூர்க் காட்டுப் பக்கம் தொண்டைமானின் ஆட்களால் பிடிபட்டுக் கம்பெனியாரிடம் ஒப்படைக்கப்பட்டது சரித்திரம். அதை மறைத்தால் நாம் ஆசிரியரல்ல. ஆனால் அறுபது தலைமுறைக்கும் ஒரு பெயரை ஒரு ஊரின் நெற்றியில் ஒட்டினாலும் நாம் ஆசிரியரல்ல. இதைப் பெரியவரிடம் எப்படிச் சொல்வது என்று நாம் தயங்கிக்கொண்டிருக்கையில், அவர் பார்வை மேசைமேல் சென்றது.

"இது என்ன?" என்றார்.

"பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைச் சுவர், ஐயா."

"இது சுவரா? இப்படி மண் பிசைந்தால் கோழிக்கூடுகூட நிற்காது!"

வந்த கோபத்தில் பாதியை அந்தச் சுவரின்மேல் செலவழித்துவிட்டார். இளமையில் ஊர் ஊராகப் போய் மண்சுவர் வைத்தவராம். தனிக் களிமண் வெடிக்கும். செம்மண்ணும் மணலும் சேர வேண்டும். வைக்கோலைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டு, தண்ணீர் விட்டு, மிதித்து, நாலைந்து நாள் புளிக்க விட வேண்டும். ஒரு அடுக்கு வைத்து, அது இறுகியபின் அடுத்த அடுக்கு. வெயிலில் அல்ல, நிழலில் காய வேண்டும். சொன்னதோடு நிற்கவில்லை. மறுநாள் காலையில் ஒரு கூடை மண்ணோடு தாமே வந்துவிட்டார். வைக்கோலுக்குப் பதில் தேங்காய் நாரைப் பொடியாக நறுக்கிப் போட்டது மட்டும் நமது சிறு கைங்கரியம்; அங்குலக் கணக்குச் சுவருக்கு வைக்கோல் பெரியது.

சுவர் முடிந்ததும் ஒரு பரீட்சை வைத்தோம். பிளாஸ்டரில் ஒரு சாண் சுவர். புளித்த மண்ணில் ஒரு சாண் சுவர். சாய்த்து வைத்த ஒரு குழாய் வழியாக இரும்புக் குண்டு ஒன்றை இரண்டின்மேலும் உருட்டிவிட்டோம். மூன்றாவது குண்டுக்குப் பிளாஸ்டர் பளீரென்று பிளந்தது. மண்சுவரில் குண்டு பட்ட இடம் குழிந்தது, சுவர் நின்றது. வெல்ஷ் துரை அந்த மண்ணைப் பற்றி, வெகு கெட்டியானது, ஒட்டிப் பிடிப்பது என்று எழுதியதன் பொருள் பிள்ளைகளுக்கு அப்போதுதான் புரிந்தது. பெரியவர் சிரித்தார். "கல்லு கோபக்காரன், உடைஞ்சு போவான். மண்ணு பொறுமைக்காரன், வாங்கிக்குவான்" என்றார்.

கோட்டை முடிந்தது, ஆனால் கேள்வி முடியவில்லை. ஓரத்தில் ஒரு தனிப் பலகையில் திருக்களம்பூர்க் காட்டையும் செய்திருந்தோம். அங்கே தொண்டைமானின் ஆட்களை வைப்பதா, வேண்டாமா? பிள்ளைகளில் ஒருவரும் அந்தப் பொம்மைகளைத் தொடவில்லை.

அப்போது நாம் ஒரு கதை சொன்னோம். வாட்டர்லூ யுத்தகளத்தைச் சிறு வடிவில் செய்ய 1830-இல் ஸைபோர்ன் என்ற ஆங்கில ராணுவ அதிகாரி உத்தரவு பெற்றார். மாதக்கணக்காக யுத்தகளத்திலேயே தங்கி மேடு பள்ளங்களை அளந்தார். சண்டையில் இருந்த அதிகாரிகளுக்கெல்லாம், "மாலை ஏழு மணி சுமாருக்கு உங்கள் பட்டாளம் எங்கே நின்றது?" என்று கடிதம் எழுதிக் கேட்டார். நடுவில் அரசாங்கப் பணம் நின்றுபோயிற்று; கடன் வாங்கி முடித்தார். ஒரு மைலுக்கு 9 அடி என்ற கணக்கில் 27 அடி நீளம். 70,000-க்கு மேற்பட்ட பொம்மைகள். அந்தக் கணக்குக்கு மனிதன் அரிசிமணியில் பாதிகூட இருக்க மாட்டான். ஆகவே அவரும் நம்மைப்போல் ஆளுக்கு வேறு அளவுகோல் வைத்தார்! 1838-இல் லண்டனில் ஜனங்கள் திரண்டு வந்து பார்த்தார்கள். ஆனால் வெல்லிங்டன் பிரபுவின் பக்கத்தாருக்குத் திருப்தியில்லை. துணைக்கு வந்த பிரஷ்யர்களை அதிகமாகவும் முன்னாலும் வைத்துவிட்டதால் வெற்றியின் பெருமை பங்கு போகிறதென்று அவர்களுக்குக் குறை. முடிவில் ஸைபோர்ன் ஆயிரக்கணக்கான பிரஷ்யப் பொம்மைகளைப் பெயர்த்து எடுக்க நேர்ந்தது. அந்தக் களம் இன்றும் லண்டன் ராணுவக் காட்சிசாலையில் இருக்கிறது. எடுத்த பொம்மைகள்தான் இல்லை.

கதையைக் கேட்டு வகுப்பு மௌனமாயிருந்தது. மூலையில் உட்கார்ந்திருந்த பெரியவரும் மௌனமாயிருந்தார்.

பிறகு நாம் புதுக்கோட்டையின் நிலைமையை விவரித்தோம். நவாப், தஞ்சாவூர், மைசூர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லாரும் அடித்துக்கொண்ட காலத்தில் நடுவில் அகப்பட்ட சிறு ராஜ்யம் அது. 1750-களில் திருச்சிராப்பள்ளியில் முற்றுகைப்பட்டிருந்த ஆங்கிலேயருக்கு இந்தக் காடுகளிலிருந்துதான் தானியம் போயிற்று. அன்று பிடித்த கையைத் தொண்டைமான்கள் பிறகு விடவில்லை. அதற்குப் பலனும் கிடைத்தது. 1803-இல் கீழாநிலைக் கோட்டையும் சீமையும் கிடைத்தன. அதற்கு வருஷத்துக்கு ஒரு யானை கப்பம் என்று ஏற்பாடு. அந்த யானையைக் கம்பெனியார் கேட்டு வாங்கவே இல்லை! மற்றப் பாளையங்கள் மறைந்தபின்னும் புதுக்கோட்டை தனி ராஜ்யமாக நீடித்து, 1948 மார்ச்சு 3-ஆம் தேதி சுதந்தர இந்தியாவோடு இணைந்தது. மறுபக்கத்தின் கணக்கும் உண்டு: கயத்தாற்றில் கட்டபொம்மன், 1801 அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள், நவம்பர் 16-இல் பாஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரை. பிழைத்திருப்பதற்கு ஒரு விலை. பணிய மறுப்பதற்கு ஒரு விலை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் போட்டோம். தீர்ப்பு எழுதவில்லை. அதை எழுத அந்தப் பிள்ளைகளுக்கு இன்னும் ஆயுசு இருக்கிறது.

பெரியவர் எழுந்து வந்தார். பெட்டியிலிருந்த பொம்மைகளில் நாலைந்தை எடுத்துக் காட்டுப் பலகையில் மரங்களுக்கிடையே ஒவ்வொன்றாக நிறுத்தினார்.

"நின்ற இடத்தில் நிற்கட்டும், வாத்தியாரய்யா. இல்லாத இடத்தில் நிறுத்தவும் வேண்டாம், இருந்த இடத்திலிருந்து எடுக்கவும் வேண்டாம்" என்றார்.

ஸைபோர்னுக்கு இந்தப் பெரியவரைப்போல் ஒரு யோசனைக்காரர் கிடைக்காமல் போனாரே என்று நாம் நினைத்துக்கொண்டோம்.

ஆட்டத்தின் விதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறோம். இரண்டு தாயக்கட்டைகள். வெளியில் ஒரு முறைக்கு ஆறு அங்குல நடை. முள்வேலியில் ஒரு முறை நின்றே தீர வேண்டும். சுவரேறத் தாயம் விழ வேண்டும். சுவர் உடைந்த இடமானால் மூன்று விழுந்தால் போதும். பூஜ்யம் முதல் மூன்று வரை முகங்களுள்ள இரண்டு கட்டைகளில் தாயம் விழுவது எட்டுக்கு ஒன்று. மூன்று விழுவது நாலுக்கு ஒன்று. கணக்கு வாத்தியார் இதைக் கேள்விப்பட்டு ஒரு பாடவேளையை நமக்குத் தானமாகக் கொடுத்தார். கம்பெனியின் பெரிய பீரங்கிகளுக்கு மேசையில் இடமில்லை. எட்ட ஒரு முக்காலியில் வைத்தோம். எந்தப் பக்கம் யார் என்பதற்குச் சீட்டுக் குலுக்கினோம். ஓர் ஆட்டம் முடிந்ததும் பக்கம் மாறியாக வேண்டும். இந்தக் கடைசி விதிதான் எல்லாவற்றிலும் முக்கியமானது.

மார்ச்சுச் சண்டையை ஐந்து தடவை ஆடினார்கள். நாலு தடவை கம்பெனி முள்வேலிக்கும் சுவருக்கும் நடுவில் அகப்பட்டு நாசமாயிற்று. மேயில், சுவர் உடைந்தபின், கதை தலைகீழாயிற்று. கம்பெனிப் பக்கம் ஜெயித்த பையன் கைதட்டவில்லை. "சார், அந்தக் கம்பெனிச் சிப்பாய்களிலும் பாதிக்குமேல் நம்ம ஆட்கள்தானே?" என்று கேட்டான். பாதிக்கு மேல் என்ன, மிகப் பெரும்பான்மை! புத்தகத்தில் இருபது வருஷமாக நாம் நடத்தி வரும் பாடத்தில் எந்தப் பிள்ளையும் இதைக் கேட்டதில்லை. ஒவ்வொரு சிப்பாய்க்கும் தன் கையாலேயே வர்ணம் பூசியவனுக்குத்தான் அது தோன்றியது.

கோடை விடுமுறை வருகிறது. பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு நாம் சொல்வது இதுதான். கடையில் ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் பெட்டிகளைத் தேடாதீர்கள். உங்கள் ஊருக்குப் பத்து மைலுக்குள் ஒரு கோட்டை மேடோ, ஒரு கண்மாய்க் கரையோ, சண்டை நடந்த ஒரு பொட்டலோ கட்டாயம் இருக்கும். பிள்ளைகளை அங்கே அழைத்துப் போய் அடியால் அளக்கச் சொல்லுங்கள். ஒரு கூடை மண் எடுத்து வாருங்கள். அதைப் புளிக்கப்போடத் தெரிந்த கிழவர் ஒருவர் தெருக்கோடியில் இருப்பார், அவரைக் கூப்பிடுங்கள். அவர் கோபத்தோடு வந்தாலும் பாதகமில்லை. மண் பிசைய ஆரம்பித்தால் சரியாகிவிடும்.